கட்சியும் கணக்கும்: இரு நகரங்களின் வரலாறு

நாட்டை ஆளும் அரசு சாதாரண குடிமகனுக்குச் சற்றுத் தொலைவில் இருப்பது. நகரத்தை ஆளும் சபையோ அவனுடைய வாயிற்படிவரை வருவது. அவன் பருகும் நீர், நடக்கும் வீதி, இரவில் எரியும் விளக்கு, குப்பையை அகற்றும் வண்டி ஆகிய யாவும் அச்சபையின் பொறுப்பு. அவற்றுக்காக அவன் வரி இறுக்கிறான். இறுத்த பணம் எங்கே போயிற்று என்று அறிய அவனுக்கு ஆசை உண்டு. ஆராய்ந்து பார்க்கும் அவகாசமோ வசதியோ பெரும்பாலும் இல்லை. ஆகவே அவன் யாரையேனும் நம்பவேண்டியவனாகிறான். அந்த நம்பிக்கையை அவன் யார்மீது வைக்கிறான், எக்காரணத்தால் வைக்கிறான், அது எப்பொழுது முறிகிறது என்பனவே நகராட்சி வரலாற்றின் தலையாய வினாக்கள்.

இவ்வினாக்களோடு கட்சி என்னும் விடயமும் பின்னிக் கிடக்கின்றது. வீதியைச் செப்பனிடுவதற்குக் கட்சி எதற்கு என்று கேட்போர் ஒரு சாரார். கட்சி இல்லையேல் சபையில் ஒழுங்கும் கொள்கையும் இரா, தனித்தனி மனிதரின் தன்னலமே எஞ்சும் என்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் சான்று காட்டுவதற்கு எடுத்தாளக்கூடிய நகரங்கள் இரண்டு உள. ஒன்று அமெரிக்காவின் நியூ யோர்க். மற்றது இங்கிலாந்தின் பேர்மிங்காம். 1870ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இவ்விரு நகரங்களிலும் ஒரு கட்சியே ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. இரண்டிலும் வட்டாரந்தோறும் அக்கட்சிக்கு உறுதியான அமைப்பு இருந்தது. எனினும் ஒரு நகரம் உலகம் சிரிக்கக் கொள்ளை போயிற்று. மற்றது உலகம் மெச்ச உயர்ந்தது. கட்சி ஒன்றே காரணமாயின் இரண்டிலும் விளைவு ஒன்றாகவே இருந்திருக்கவேண்டும். அவ்வாறு இல்லாமற் போனமையே ஆராயத்தக்கது.

முதலில் நியூ யோர்க். 1870ஆம் ஆண்டில் அந்நகரத்தின் மக்கள்தொகை 9 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தது. அவர்களுள் ஐந்திலிரண்டு பங்குக்கு மேலானோர் பிறநாட்டில் பிறந்து வந்து குடியேறியவர். 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தினால் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறிய ஏழை மக்களும், ஜேர்மனியிலிருந்து வந்தவர்களும் அவர்களுட் பெரும்பான்மையோர். கப்பலை விட்டு இறங்கியவனுக்கு வேலை வேண்டும். தங்க இடம் வேண்டும். நோயுற்றால் உதவி வேண்டும். பொலிசார் பிடித்துச் சென்றால் பிணை நிற்க ஆள் வேண்டும். இவற்றுள் ஒன்றையும் அக்கால நகர அரசு தன் கடமையாகக் கொள்ளவில்லை. அந்த வெற்றிடத்தில் வந்து நின்றது தம்மனிச் சங்கம்.

தம்மனி என்பது அமெரிக்கச் செவ்விந்தியத் தலைவர் ஒருவரின் பெயரால் 1789ஆம் ஆண்டில் அமைந்த சங்கம். நாளடைவில் அது நியூ யோர்க் நகரச் சனநாயகக் கட்சியின் மூளையும் கையுமாக மாறிற்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் அதற்கு ஒரு தலைவன் இருந்தான். வேலையற்றவனுக்கு நகரத் தெருவில் வேலை, விதவைக்குக் குளிர்காலத்தில் நிலக்கரி, வந்தேறிக்குக் குடியுரிமைச் சீட்டு என்பனவற்றை அவன் வாங்கிக் கொடுப்பான். கைம்மாறாக அவன் கேட்டது ஒன்றே. தேர்தல் நாளில் ஒரு வாக்கு. ஏழையின் கண்ணுக்கு இது இலஞ்சமாகத் தோன்றவில்லை, நன்றிக்கடனாகவே தோன்றிற்று. பின்னாளில் நூல்கள் தம்மனியைத் தூற்றியபோதும் அந்த மக்கள் அதனைக் கைவிடாமைக்குரிய காரணம் இதுவே.

இச்சங்கத்தின் தலைமைக்கு வந்தவர் வில்லியம் ட்வீட். 1823ஆம் ஆண்டில் நாற்காலி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், தீயணைக்கும் தொண்டர் படையொன்றின் தலைவராக இருந்து மக்களிடையே பெயர் பெற்றவர். பருத்த உடலும் உரத்த குரலும் தாராளமான கையும் வாய்த்தவர். 1870ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தம் வட்டாரத்து ஏழைகளுக்கென 50,000 டொலர் கொடுத்தார். அப்பணம் எங்கிருந்து வந்தது என்று வாங்கியவர் கேட்கவில்லை.

அது வந்த வழி இதுதான். நகரத்துக்குப் பொருள் விற்கும் வணிகரும், கட்டட வேலை செய்யும் கொந்தராத்துக்காரரும் தமக்குரிய தொகையைப் பலமடங்கு பெருக்கிச் சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். நகரக் கருவூலம் அத்தொகையை முழுவதும் கொடுக்கும். அதில் ஒரு பங்கு ட்வீட் கூட்டத்தாருக்குத் திரும்பி வரும். தொடக்கத்திற் சிறிதாக இருந்த அப்பங்கு இறுதியில் நூற்றுக்கு 65 வீதம்வரை ஏறிற்று. சேம்பர்ஸ் வீதியிலே நீதிமன்றக் கட்டடம் ஒன்று எழும்பியது. இரண்டரை இலட்சம் டொலரில் முடியும் எனத் தொடங்கிய அவ்வேலை ஒரு கோடி டொலரையும் கடந்து சென்றது. சாந்து பூசும் வேலையை ஏற்ற கொந்தராத்துக்காரர் ஒருவர் பெயரில் மட்டும் 28 இலட்சம் டொலருக்கு மேற் பற்று எழுதப்பட்டிருந்தது. அதே காலத்தில், 1867ஆம் ஆண்டில், அமெரிக்க அரசு அலாஸ்கா என்னும் பெருநிலப்பரப்பை ரஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டொலருக்கு விலைக்கு வாங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால் இத்தொகைகளின் பருமன் விளங்கும்.

கணக்கைச் சரிபார்ப்பவர் ஒருவரும் இலரோ எனில், பெயரளவில் இருந்தனர். 1870ஆம் ஆண்டில் மாநிலச் சட்டசபை நகரத்துக்குப் புதிய சாசனம் ஒன்றை வழங்கியது. நகரம் தன்னைத் தானே ஆளவேண்டும் என்னும் நல்ல கோட்பாட்டின் பெயரால் அது வந்தமையாற் சீர்திருத்தம் விரும்பிய பலரும் அதனை வரவேற்றனர். அது நிறைவேறுவதற்காகத் தம் கட்சியினருக்கு மட்டுமன்றி எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சி உறுப்பினருக்கும் இலஞ்சம் கொடுத்ததாக ட்வீட்டே பிற்காலத்தில் வாக்குமூலம் அளித்தார். அச்சாசனத்தின்படி கணக்காய்வுச் சபை ஒன்று அமைந்தது. அதன் அங்கத்தவர் மூவர்: மேயர் ஓக்கி ஹோல், நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரி றிச்சட் கொனலி, பொது வேலை ஆணையாளரான ட்வீட். செலவு செய்தவரும் அவர். செலவு சரியென்று கையெழுத்து இட்டவரும் அவர். வேலியே பயிரை மேய்ந்தது என்பது பழமொழி. இங்கே மேய்வதற்கு வசதியாகவே வேலி நாட்டப்பட்டது. அச்சபை 60 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட கோரிக்கைகளை ஆய்வு எதுவுமின்றி ஏற்றது. அவற்றுட் பெரும்பகுதி பொய்யென்று பின்னர் தெரிந்தது.

இக்கொள்ளை பற்றிய ஐயம் ஊரில் இல்லாமல் இல்லை. குடியரசுக் கட்சிச் சார்புடைய 'நியூ யோர்க் ரைம்ஸ்' பத்திரிகை 1870ஆம் ஆண்டிலேயே ட்வீட்டைத் தாக்கி எழுதத் தொடங்கிற்று. ஆனால் எதிர்க்கட்சிப் பத்திரிகை வேறு எதைச் சொல்லும் என்று பலர் அதனைப் புறக்கணித்தனர். கட்சிப் பற்று பெருகிய இடத்தில் மெய்க்கு நேரும் இடர் இது. சொல்லப்படுவது உண்மையா என்று கேட்பவர் குறைந்து, சொல்பவன் யார் பக்கத்தவன் என்று கேட்பவரே மிகுவர். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், தேர்தலுக்குச் சில நாள் முன்னர், நகரத்தின் பெருஞ்செல்வரான மூன்றாம் ஜோன் ஜேக்கப் அஸ்ரர் தலைமையிற் பெயர்பெற்ற கனவான்கள் அறுவர் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட்டு, யாவும் ஒழுங்காக உள்ளன என்று சான்றிதழ் வழங்கினர். ஏழையின் நம்பிக்கையை நிலக்கரி வாங்கியது எனின், செல்வரின் நம்பிக்கையை இச்சான்றிதழ் வாங்கியது. ஆளைப் பார்த்து நம்பும் பிழையைக் கற்றவரும் செய்தனர், கல்லாதவரும் செய்தனர்.

இந்நிலையைக் குலைத்தவை இரண்டு. ஒன்று 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்னும் வார இதழில் தோமஸ் நாஸ்ற் வரைந்த கேலிச்சித்திரங்கள். வயிறு பருத்த ட்வீட்டும் சீறும் தம்மனிப் புலியும் எழுத்தறியாதவர் மனத்திலும் பதிந்தன. அவ்விதழின் வெளியீட்டாளர் பாடசாலைகளுக்கு விற்றுவந்த நூல்களை நகரம் வாங்காது நிறுத்தியும் அவர்கள் பணியவில்லை. மற்றொன்று கணக்கு. 1871ஆம் ஆண்டு சனவரியில் நகரக் கணக்குகளை வைத்திருந்த அதிகாரி விபத்தொன்றில் இறந்தார். அதன்பின் கந்தோரினுள் இருந்த சிலர் புத்தகங்களைப் படியெடுக்கும் வாய்ப்புப் பெற்றனர். அப்படிகள் ரைம்ஸ் பத்திரிகையின் உரிமையாளர் ஜோர்ஜ் ஜோன்ஸிடம் சேர்ந்தன. அவற்றை வெளியிடாதிருக்க அவருக்கு 50 இலட்சம் டொலர் பேசப்பட்டதாகக் கூறுவர். யூலை மாதத்தில் அவர் அவற்றை அச்சேற்றினார்.

அச்சேறியவை வசைமொழிகள் அல்ல. இன்ன நாளில், இன்ன கட்டடத்துக்கு, இன்னாருக்கு, இவ்வளவு தொகை என்னும் வெறும் நிரல்களே. யூலை 29ஆம் திகதி அவை தனி இணைப்பாக ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும் வெளியாகிப் பெருந்தொகையாக விலைப்பட்டன. ஓராண்டாகக் கண்டனக் கட்டுரைகள் செய்யமாட்டாத வேலையை இந்த எண்கள் சில வாரத்திற் செய்தன. எழுதியவர் எக்கட்சியினர் என்று கேட்டு எண்ணைத் தள்ளிவிட முடியாது. செப்ரம்பர் 4ஆம் திகதி கூப்பர் யூனியன் மண்டபத்தில் மக்கள் திரண்டனர்; எழுபதின்மர் குழு ஒன்று அமைந்தது. சில நாளில், கணக்குக் கந்தோரிலிருந்த கொடுப்பனவுச் சீட்டுக் கட்டுகள் இரவோடிரவாகத் திருடப்பட்டு எரிக்கப்பட்டன.

அப்பொழுது முன்வந்தவர் சாமுவேல் ரில்டன். இவர் வேறு கட்சியினர் அல்லர். அம்மாநிலச் சனநாயகக் கட்சியின் தலைவரே இவர்தாம். நீண்ட நாள் வாய் திறவாது இருந்தார் என்னும் பழியும் இவருக்கு உண்டு. ஆனால் இறங்கியபின் இவர் செய்த வேலை பெரிது. சீட்டுகள் எரிந்துபோனாலும் வங்கிப் பதிவுகள் எரியவில்லை. நகரம் கொந்தராத்துக்காரருக்குக் கொடுத்த பணம் எந்த நாளில் எவ்வளவாகப் பிரிந்து யாருடைய பேரில் வரவு வைக்கப்பட்டது என்பதை வங்கியேடுகளைக் கொண்டே இவர் நிறுவினார். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் தம்மனி வேட்பாளர் பலர் தோற்றனர். 1873ஆம் ஆண்டில் ட்வீட் 204 குற்றச்சாட்டுகளிற் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். பின்னர் தப்பி ஓடி, ஸ்பெயின் நாட்டிற் பிடிபட்டு, 1878ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூ யோர்க்கின் சிறையொன்றில் இறந்தார். போன பணத்தில் மிகச் சிறு பகுதியே மீண்டது.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் அது வெறும் நீதிக்கதையாக இருந்திருக்கும். வரலாறு அவ்வாறு முடிவதில்லை. 1872ஆம் ஆண்டில் மேயராக வந்த சீர்திருத்தவாதியின் ஆட்சி செலவைச் சுருக்குவதையே பெரும் கடமையாகக் கொண்டது. 1873ஆம் ஆண்டின் வணிக வீழ்ச்சியாற் பலர் வேலை இழந்து வாடிய நேரத்தில் நகர வேலைகள் குறைந்தன. வட்டாரத் தலைவன் கொடுத்த நிலக்கரிக்கு ஈடாக எதனையும் சீர்திருத்தவாதிகள் கொடுக்கவில்லை. 1874ஆம் ஆண்டுத் தேர்தலிலே தம்மனி வேட்பாளரே மேயராக வென்றார். திருடரைத் துரத்தியவர்கள் மூன்றே ஆண்டில் மக்களால் ஒதுக்கப்பட்டனர். கை சுத்தமாக இருத்தல் வேண்டும். ஆனால் அந்தக் கை வெறுங்கையாக இருத்தல் போதாது என்பதை நியூ யோர்க் அன்று கற்பித்தது.

இதே ஆண்டுகளில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில் நிகழ்ந்தது வேறு. ஆனால் அதனைக் கூறுமுன், இங்கிலாந்தின் நகர சபைகள் இயற்கையாகவே தூய்மையானவை என்னும் எண்ணத்தை அகற்றல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள பழைய நகர சபைகள் பல, தம் அங்கத்தவரைத் தாமே தெரிந்துகொள்ளும் மூடிய கூட்டங்களாக இருந்தன. 1826ஆம் ஆண்டில் லெஸ்ரர் நகர சபை தான் விரும்பிய கட்சியைப் பாராளுமன்றத் தேர்தலில் வெல்லச் செய்யும் பொருட்டு நகரச் சொத்தை ஈடுவைத்துச் செலவிட்டது. இத்தகைய முறைகேடுகளை அரச ஆணைக்குழுவொன்று ஊர் ஊராக விசாரித்தது. அதன் பயனாக 1835ஆம் ஆண்டில் நகர சபைகள் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் கட்சிகளைத் தடுக்கவில்லை. கட்சியைப் பற்றி அது பேசவே இல்லை. அது வகுத்தவை வேறு. நகரத்தின் வருவாய் யாவும் ஒரே நிதியிற் சேரவேண்டும். அந்நிதியின் கணக்கை, சபை அங்கத்தவர் அல்லாத கணக்காய்வாளரை வரியிறுப்பாளர் தாமே தெரிந்து பார்வையிடச் செய்யவேண்டும். கணக்கின் சுருக்கம் அச்சிடப்பட்டு வரியிறுப்பாளர் பார்வைக்குக் கிடைக்கவேண்டும். சபையோடு கொந்தராத்திற் பங்குடைய எவனும் சபையில் அங்கத்தவனாக இருத்தல் கூடாது. நியூ யோர்க்கிலே ஒரே கையில் இருந்த மூன்று திறப்புகள் இங்கே மூன்று கைகளிற் பிரிக்கப்பட்டன.

சட்டம் மட்டும் போதுமா எனின், போதாது என்பதற்குப் பேர்மிங்காமே சாட்சி. 1838ஆம் ஆண்டில் நகர சபை பெற்ற அவ்வூரில், 1850களில் 'சிக்கனக்காரர்' என்று பெயர்பெற்ற ஒரு கூட்டம் சபையை நடத்திற்று. அவர்கள் திருடவில்லை. வரியைக் கூட்டாதிருத்தலே அவர்தம் ஒரே கொள்கை. தகுதி வாய்ந்த நகரப் பொறியியலாளரை நீக்கினர். சாக்கடை வேலைகளைச் சுருக்கினர். மக்களிற் பெரும்பகுதியினர் அழுக்கு ஊறிய கிணற்று நீரையே பருகினர். கணக்கு நேராக இருந்தது. நகரம் நோயில் கிடந்தது. அத்தகைய சபையை ஊரிலுள்ள ஆற்றலுடையோர் எட்டிப் பார்க்கவும் விரும்பவில்லை.

இம்மனநிலையை மாற்றத் தொடங்கியவர் ஜோர்ஜ் டோசன் என்னும் சமயப் போதகர். நகரம் என்பது வரி பிரிக்கும் கந்தோர் அன்று, மக்கள் ஒருங்கு கூடி நல்வாழ்வு அமைக்கும் உயர்ந்த நிறுவனம் என்று அவர் பல்லாண்டு போதித்தார். அப்போதனையைக் கேட்ட வணிகரும் தொழிலதிபரும் சபைக்கு வரத் தொடங்கினர். அவர்களுள் முதல்வர் திருகாணி உற்பத்தியிற் பெரும்பொருள் ஈட்டிய ஜோசப் சேம்பர்லேன். 1869ஆம் ஆண்டில் சபை அங்கத்தவரான அவர், 1873ஆம் ஆண்டு நவம்பரில் மேயரானார். அடுத்த ஆண்டிலே தம் தொழிலை விட்டு நீங்கி நகரப் பணிக்கே தம்மை ஒப்புவித்தார்.

அவருக்குப் பின்னால் நின்றது தூய கட்சி அமைப்பே. பேர்மிங்காம் லிபரல் சங்கம் வட்டாரந்தோறும் கூட்டம் கூட்டி, வேட்பாளரைத் தெரிந்து, வாக்காளர் ஒவ்வொருவரையும் கணக்கெடுத்து நடத்திய சங்கம். 1868ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் அந்நகருக்கு மூன்று இடங்கள் இருந்தன. வாக்காளன் ஒருவனுக்கு இரண்டு வாக்குகளே. சிறுபான்மைக் கட்சிக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும் என்பது சட்டத்தின் நோக்கம். எந்த வட்டாரத்தார் எந்த இருவருக்கு வாக்களிப்பது என்று சங்கம் பங்கிட்டுக் கொடுத்து மூன்று இடங்களையும் பிடித்துக்கொண்டது. பின்னர் நகர சபைத் தேர்தல்களிலும் அதே முறையைக் கையாண்டது. பழைமைக் கட்சியினர் சபையிற் சிறு தொகையினராக ஒடுங்கினர். இது தம்மனியின் வழியன்றோ என்று அக்காலத்திலேயே எதிரிகள் இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஆனால் வென்றபின் அக்கட்சி செய்தவற்றை நோக்குதல் வேண்டும். நகருக்கு விளக்கெரிக்கும் வாயுவை இரு தனியார் கம்பனிகள் விற்றுவந்தன. அவற்றை ஏறத்தாழ 20 இலட்சம் பவுணுக்கு வாங்குவது என்று சேம்பர்லேன் முன்மொழிந்தார். அத்தொகை ஊரையே திகைக்க வைத்தது. சபையில் அவருக்கு மாபெரும் பெரும்பான்மை இருந்தபோதிலும், அப்பெரும்பான்மை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, இத்தகைய மசோதாவைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுசெல்லச் சபையின் பணத்தைச் செலவிடுமுன் பத்திரிகையில் அறிவித்தல் கொடுத்து, வரியிறுப்பாளரின் பொதுக்கூட்டத்தைக் கூட்டி அவர்களுடைய சம்மதமும் பெறவேண்டும். சேம்பர்லேன் கணக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் முன் நின்றார். விலை இவ்வளவு, வட்டி இவ்வளவு, வருவாய் இவ்வளவு என்று எண்ணி எண்ணிக் காட்டினார். அதன்பின் பாராளுமன்றக் குழு அதனை ஆராய்ந்தது. 1875ஆம் ஆண்டில் வாயு நகரத்தின் உடைமையாயிற்று. முதலாண்டிலேயே 30,000 பவுணுக்கு மேல் இலாபம் வந்தது.

அடுத்து வந்தது நீர். 13 இலட்சத்து 50 ஆயிரம் பவுணுக்குக் கம்பனியிடமிருந்து வாங்கப்பட்டு, 1876ஆம் ஆண்டில் அது நகரத்தின் கைக்கு வந்தது. வாயுவில் இலாபம் ஈட்டலாம், நீரில் இலாபம் தேடலாகாது என்பது சேம்பர்லேனின் கொள்கை. வாயுவை வாங்குவோர் வசதியுடையோர். நீரோ எல்லாருக்கும் உயிர். இவ்வேறுபாட்டை அவர் வெளிப்படையாகக் கூறியமையால், நகரம் தன் பணத்தை எக்கொள்கைப்படி ஆள்கிறது என்பதைச் சாதாரண மனிதனும் விளங்கிக்கொண்டான். தம்மனித் தலைவன் ஒருவனுக்கு ஒரு மூட்டை நிலக்கரி கொடுத்தான். வாங்கியவன் அவனுக்குக் கடன்பட்டான். பேர்மிங்காம் எல்லார்க்கும் குழாய் நீர் கொடுத்தது. பெற்றவன் எவருக்கும் கடன்படவில்லை. உதவிக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இது.

பேர்மிங்காமின் பெருமையில் மறுவும் உண்டு. 1875ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தின் துணைகொண்டு நகர நடுவில் இருந்த நெருக்கமான சேரிகளை வாங்கி இடித்து, 1878ஆம் ஆண்டிலிருந்து கோர்ப்பரேசன் வீதி என்னும் அகன்ற வீதி வெட்டப்பட்டது. இரு மருங்கும் அழகிய கடைகள் எழுந்தன. இடித்த வீடுகளில் இருந்த ஏழைகளுக்கோ பன்னீராண்டுக்கு மேலாகச் சபை வீடு கட்டவில்லை. பின்னர் கட்டியதும் ஏறத்தாழ நூறு வீடுகளே. எதிர்ப்பவர் குரல் சபையில் மெலிந்திருந்தால் எவருடைய துன்பம் கேட்கப்படாமற் போகும் என்பதை இது காட்டுகின்றது. ஒரு கட்சி நேர்மையாக ஆண்டாலும், அதனைத் தடுத்து வினவும் மற்றொரு கட்சி இல்லாதது குறையே.

ஆயினும் பேர்மிங்காமின் அமைப்பு ஒரு கடிய சோதனையில் தேறிற்று. 1886ஆம் ஆண்டில் அயர்லாந்துத் தன்னாட்சி விவகாரத்தில் லிபரல் கட்சி இரண்டாகப் பிளந்தது. சேம்பர்லேன் தம் பழைய தோழரை விட்டுப் பிரிந்து, முன்னர் எதிர்த்துநின்ற பழைமைக் கட்சியோடு உறவு கொண்டார். கட்சிக் கோடுகள் கலைந்து மாறின. நகரத்தின் வாயுவும் நீரும் அதனாற் கலங்கவில்லை. உத்தியோகத்தர் தம் இடத்தில் இருந்தனர். கணக்குகள் ஆண்டுதோறும் வெளிவந்தன. 1892ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு மலைகளிலிருந்து நீர் கொணரும் பெருந்திட்டத்துக்குச் சட்டம் நிறைவேறி, 1904ஆம் ஆண்டில் அது திறந்துவைக்கப்பட்டது. நியூ யோர்க்கில் அக்காலத்தில் ஆட்சி மாறினால் நகர உத்தியோகங்களும் வெற்றி பெற்றவர்க்குக் கொள்ளைப்பொருளாகப் பங்கிடப்படுவது வழக்கம். இங்கோ கட்சி வந்து போயிற்று, நகரம் நிலைத்தது.

1890ஆம் ஆண்டில் நியூ யோர்க்கைச் சேர்ந்த ஜூலியன் றால்ப் என்னும் பத்திரிகையாளர் பேர்மிங்காமைப் பார்வையிட்டு, உலகிலேயே சிறப்பாக ஆளப்படும் நகரம் அதுவே என்று எழுதினார். அக்கட்டுரை வெளிவந்த மாத இதழை நடத்தியவர், நாஸ்ற்றின் சித்திரங்களை வெளியிட்ட அதே ஹார்ப்பர் நிறுவனத்தார். ட்வீட் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழிந்தும் நியூ யோர்க் தன் குறையை நினைந்து பிற நகரங்களை நோக்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இது அடையாளம்.

அமெரிக்கச் சீர்திருத்தவாதிகள் பலர் இவ்வரலாற்றிலிருந்து வேறொரு பாடத்தைக் கற்றனர். கட்சியே நோய் எனக் கொண்டு, நகரத் தேர்தற் சீட்டிலிருந்து கட்சிப் பெயரை நீக்கினர். 1914ஆம் ஆண்டில் ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரம் கட்சி சாராத சிறு சபையையும், அச்சபை நியமிக்கும் தொழில்முறை நிருவாகியையும் ஏற்றது. பல நகரங்கள் அதனைப் பின்பற்றின. அதனாற் பல நன்மைகள் விளைந்தன. ஆனால் கட்சிப் பெயர் மறைந்த இடங்களில் வாக்களிக்க வருவோர் தொகை குறைவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். கட்சி வீட்டுக்கு வீடு சென்று அழைக்காதபோது முதலில் வராமல் நிற்பவர் ஏழைகளே. நோயைத் தீர்க்க முயன்று காலின் வலுவையும் குறைத்த மருந்து அது எனலாம்.

இரு நகரங்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் தெளிவாவது இதுவே. மக்கள் நம்பிக்கையைக் கெடுத்தது கட்சி இருந்தமை அன்று. கட்சியின் பிடிக்குள் கணக்கும் கொந்தராத்தும் உத்தியோகமும் ஒருங்கே விழுந்தமையே. அவை மூன்றும் கட்சிக்கு எட்டாத இடத்தில் இருந்தபோது கட்சி கொள்கையைக் கொண்டுவந்தது. ஆற்றலுடையோரைச் சபைக்கு அழைத்துவந்தது. அவை மூன்றும் அதன் மடியில் இருந்தபோது கொள்கை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது சிக்கனத்துக்கு மட்டும் உரிய சொல் அன்று. பொதுப்பணத்துக்கு அது பெரிதும் பொருந்தும். அளப்பவன் வேறு, போடுபவன் வேறாக இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் அதனோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

ஆங்கிலேயர் அமைத்த நகராட்சி முறை இலங்கைக்கும் வந்தது. 1865ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டம் அதற்கு வித்திட்டது. அம்முறையோடு வந்த வாக்குச்சீட்டையும் மேயரின் அங்கியையும் அறியாதார் இல்லை. அவற்றைப் போலவே கணக்குப் புத்தகமும் அம்முறையின் ஓர் உறுப்பு. தன் கட்சி ஆளும்பொழுதும் அப்புத்தகத்தைத் திறக்கும்படி கேட்கும் குடிமகனையும், தன் கட்சியினரே தவறு செய்தாலும் வங்கியேட்டைப் புரட்டத் துணியும் தலைவனையும் பெற்ற நகரம், எக்கட்சி ஆண்டாலும் அஞ்சவேண்டியதில்லை.